சாப்பிடாமலே ஏறிய சர்க்கரை

இரவு படுக்கும்போது 126. காலையில் எழுந்ததும், பல்கூட விளக்காமல், விரலைக் குத்திப் பார்த்தால் 148. நடுவில் ஏழரை மணி நேரம் தூங்கியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலருக்கும் பழகிப்போன எரிச்சல் இது. சாப்பிட்டு ஏறினால் சாப்பாட்டைத் திட்டலாம், நாக்கைத் திட்டலாம். சாப்பிடாமலே ஏறினால் யாரைத் திட்டுவது? போதாக்குறைக்கு வீட்டில், "ராத்திரி எந்திரிச்சு என்னத்தச் சாப்பிட்டீங்க?" என்று விசாரணை வேறு.

மருத்துவரிடம் கேட்டபோது ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அது நீங்க சாப்பிட்ட சர்க்கரை இல்லை, உங்க கல்லீரல் போட்ட சர்க்கரை." பதில் சரிதான். ஆனால் கல்லீரல் ஏன் போடுகிறது, யார் சொல்லிப் போடுகிறது என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனேன். போய் நின்ற இடம் குளுக்ககான்.

கணையம் என்றால் எல்லோருக்கும் இன்சுலின்தான் நினைவுக்கு வரும். அதே கணையத்தில், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்ற அதே செல் கூட்டங்களில், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களுக்கு ஒட்டினாற்போல ஆல்ஃபா செல்கள் இருக்கின்றன. அவை சுரப்பது குளுக்ககான். வெறும் 29 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான்: இன்சுலின் சர்க்கரையை இறக்கும், குளுக்ககான் ஏற்றும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும் ஏற்றப்பலகை மாதிரி ஒரு படமும் போட்டிருப்பார்கள். அந்தப் படம் தப்பில்லை. ஆனால் அது எவ்வளவு குறைவான உண்மை என்பது தெரிய வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பரீட்சை எழுதிய நம்மை மட்டுமில்லை, இந்த ஹார்மோனை ஆராய்ந்தவர்களையும் மருந்து செய்தவர்களையும்கூட அந்தப் படம் பல பத்தாண்டுகள் ஒரு பக்கமாகவே பார்க்க வைத்திருக்கிறது.

முதலில் அந்த இரவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம். ஆக, மொத்த இரத்தத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் 5 கிராம். ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மூளையை ஒரு மணி நேரம் ஓட்டுவதே கஷ்டம். அதனால் நாம் தூங்கும்போது கல்லீரல் விடாமல் குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு எட்டரை கிராம் போல வரும். ஏழரை மணி நேரத் தூக்கத்தில் 60 கிராமுக்கு மேல். உடல் அதையெல்லாம் அப்போதைக்கப்போதே எரித்துவிடுவதால் அளவு மாறாமல் நிற்கிறது.

இப்போது என் 126, 148-க்கு வருவோம். வித்தியாசம் 22. ஐந்து லிட்டர் இரத்தத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிராமும் சொச்சமும். செல்களுக்கு வெளியே இருக்கும் நீரையும் சேர்த்துக்கொண்டால் மூன்று கிராம் சுமார். 60 கிராம் போட வேண்டிய இடத்தில் 63 போட்டிருக்கிறது என் கல்லீரல். இரவு முழுக்க நடந்த பிசகு அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் போய், கோளாறு இல்லாத உடம்பு இதை எப்படி இவ்வளவு துல்லியமாகச் செய்கிறது என்ற வியப்புதான் மிஞ்சியது.

கல்லீரலுக்கு "போடு" என்று சொல்வது குளுக்ககான், "போதும்" என்று சொல்வது இன்சுலின். இரண்டுமே கணையத்திலிருந்து கிளம்பி, கல்லீரல் வாயிற்சிரை என்ற இரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் முதலில் போகின்றன. குளுக்ககான் கல்லீரல் செல்லின் மேல் உள்ள தன் ஏற்பியில் போய் உட்கார்ந்ததும், சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸாகிறது. அது தீரத் தீர, அமினோ அமிலங்கள், லாக்டேட் போன்ற சரக்குகளிலிருந்து கல்லீரலே புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. சாப்பிட்டதும் இன்சுலின் ஏற, குளுக்ககான் இறங்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் பக்கம் என்ன ஆகிறது என்று ஊருக்கே தெரியும். குளுக்ககான் பக்கமும் கெடுகிறது என்பது 1970-லேயே அளந்து காட்டப்பட்ட விஷயம். மாவுச்சத்துள்ள உணவைச் சாப்பிட்ட பிறகு மற்றவர்களுக்குக் குளுக்ககான் இறங்கியது. சர்க்கரை நோயாளிகளுக்கு இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. வெளியிலிருந்து குளுக்கோஸ் வந்து கொட்டிக்கொண்டிருக்கும்போதே கல்லீரலும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

விடியற்காலை ஏற்றத்துக்கு முழுப் பழியையும் குளுக்ககான் மேல் போட முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். விடியலை ஒட்டி வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசால் எல்லாம் வேலை காட்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அது நடக்கும். அவர்களின் பீட்டா செல்கள் கொஞ்சம் கூடுதலாக இன்சுலினை விட்டுச் சமாளித்துவிடும். எனக்கு அந்தக் கூடுதல் வருவதில்லை.

சரி, இவ்வளவு முக்கியமான ஹார்மோன் ஏன் இப்படி இன்சுலினின் நிழலிலேயே கிடந்தது? காரணம் அது பிறந்த விதம். 1921-இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றை எடுத்து நாய்களுக்குச் செலுத்தி இன்சுலினைக் கண்டுபிடித்த கதை எல்லோரும் கேட்டது. அந்தக் காலத்துக் கணையச் சாறுகளில் ஒரு விசித்திரம் இருந்தது: ஊசி போட்டதும் சர்க்கரை முதலில் கொஞ்சம் ஏறும், அப்புறம்தான் இறங்கும். எல்லோரும் தேடிக்கொண்டிருந்தது இறக்கும் பொருளை. ஏற்றும் பொருளை அழுக்கு என்றுதான் பார்த்தார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் கிம்பலும் முர்லினும் மட்டும் 1923-இல் இது அழுக்கில்லை, தனிப் பொருள் என்று சொல்லி, குளுக்ககான் என்று பெயரும் வைத்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் கால் நூற்றாண்டு கழித்து, கிறிஸ்டியன் டி டுவ் என்ற பெல்ஜிய விஞ்ஞானி இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். அமெரிக்க இன்சுலினைப் போட்டால் சர்க்கரை முதலில் ஏறுகிறது, டென்மார்க் இன்சுலினைப் போட்டால் ஏறவில்லை. ஒன்றில் பழைய அழுக்கு இன்னும் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை! 1948-இல் அவரும் ஏர்ல் சதர்லண்டும் சேர்ந்து, இந்தப் பொருள் அனேகமாக ஆல்ஃபா செல்களிலிருந்து வருகிறது என்று எழுதினார்கள். 1953-இல் அது தூய்மையாகப் பிரிக்கப்பட்டுப் படிகமாக்கப்பட்டது. 1957-இல் 29 அமினோ அமிலங்களின் வரிசையும் தெரிந்தது. 1959-இல் டாலஸில் ரோஜர் அங்கர் இதை இரத்தத்தில் அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். அளப்பது லேசுப்பட்ட வேலையில்லை. இரத்தத்தில் இது இருப்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்துப் பிக்கோகிராம்கள்தான். போதாததற்குக் குடலிலிருந்து வரும் உறவுக்காரப் பொருள்கள் சிலவும் அதே சோதனையில் மாட்டிக்கொண்டு கணக்கைக் குழப்பும். இன்றும் சர்க்கரை நோயாளிக்கு வழக்கமாக எடுக்கும் சோதனைப் பட்டியலில் குளுக்ககான் இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை, விட மனசில்லை. சதர்லண்ட், குளுக்ககானும் அட்ரினலினும் கல்லீரல் செல்லுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே எப்படிச் சேதி சொல்கின்றன என்று தேடிப் போய் செல்லுக்குள் சேதியைக் கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் கண்டுபிடித்தார், 1971-இல் நோபல். மார்ட்டின் ராட்பெல், எலியின் கல்லீரல் செல்சவ்வில் குளுக்ககான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்துதான் ஏற்பியிலிருந்து செல்லுக்குள் சேதியைக் கடத்தும் ஜி-புரதங்களுக்கான முதல் தடயத்தைப் பிடித்தார்; 1994-இல் நோபல். டி டுவ் கதை இன்னும் வேடிக்கை: இன்சுலினையும் கல்லீரலையும் ஆராயப் போனவர், எதிர்பாராமல், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் லைசோசோமில் போய் விழுந்து 1974-இல் நோபல் வாங்கினார். இன்சுலினுக்கோ கண்டுபிடித்து இரண்டே ஆண்டில், 1923-லேயே நோபல் கிடைத்துவிட்டது. குளுக்ககானைத் தொட்டவர்கள் வாங்கினார்கள். குளுக்ககானுக்கென்று ஒன்றும் இல்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் கவர்ந்த மனிதர் ரோஜர் அங்கர். 1975-இல் அவரும் ஜெனிவாவின் லெலியோ ஓர்ச்சியும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சர்க்கரை நோய் இன்சுலின் போதாமை மட்டுமில்லை, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்தால்தான் நோய் முழுமையாகிறது. பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விடவும் இல்லை. 2011-இல் அவருடைய குழு ஒரு சோதனையை வெளியிட்டது. குளுக்ககான் ஏற்பியே இல்லாமல் பிறந்த எலிகளின் பீட்டா செல்களை மருந்து கொடுத்து அழித்தார்கள். இன்சுலின் போயாயிற்று. சாதாரண எலியாக இருந்தால் சர்க்கரை எகிறி, உடல் இளைத்து, செத்திருக்கும். இந்த எலிகளுக்குச் சர்க்கரை நோயே வரவில்லை. படிக்கும்போது, இன்சுலினை வைத்து நாம் படித்ததெல்லாம் தலைகீழாகிவிட்டதா என்று தோன்றும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பின்னால் வந்த சோதனைகளில், கொஞ்சமாவது பீட்டா செல் மிச்சமிருந்தால்தான் இந்த வித்தை பலிக்கிறது, அடியோடு அழித்துவிட்டால் பலிப்பதில்லை என்று தெரிந்தது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள யாரும் இதைப் படித்துவிட்டு இன்சுலின் ஊசியில் கை வைத்துவிடக் கூடாது. ஆனாலும் அங்கர் சொன்னதில் பெரும்பகுதி நின்றுவிட்டது.

இதை வைத்து மருந்து நிறுவனங்கள் போட்ட கணக்கு எளிமையானது. குளுக்ககான் வில்லன், அப்படியானால் அதன் ஏற்பியை அடைத்துவிடு. அடைக்கும் மாத்திரைகள் செய்தார்கள், மனிதர்களுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். சர்க்கரை நன்றாகவே இறங்கியது. கூடவே கல்லீரல் என்சைம்கள் ஏறின, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது, சில மருந்துகளில் கல்லீரலில் கொழுப்பும் கூடியது. சர்க்கரை நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் தலைவலிகளே இவைதாம். ஒன்றன்பின் ஒன்றாக அந்த முயற்சிகள் நின்றுபோயின.

வெறும் சர்க்கரை ஏற்றும் ஹார்மோனை அடைத்தால் கல்லீரலில் ஏன் கொழுப்பு சேர வேண்டும்? ஏற்றப்பலகைப் படத்தில் இதற்குப் பதில் கிடையாது.

பதிலுக்கான தடயம் இரண்டு அரிய நோய்களில் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. ஒன்று, ஆல்ஃபா செல்களில் வரும் குளுக்ககானோமா என்ற கட்டி. இரத்தத்தில் குளுக்ககான் பல மடங்கு ஏறிக் கிடக்கும். சர்க்கரை தாறுமாறாக ஏறும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் வருவது மிதமான சர்க்கரை நோய்தான். நோயாளியை உருக்குலைப்பது வேறு: உடல் இளைத்துக்கொண்டே போகும், இடுப்பு, தொடை, வாயோரம் எல்லாம் தோல் சிவந்து, கொப்பளித்து, உரிந்து, ஓரிடத்தில் ஆறினால் இன்னோரிடத்தில் கிளம்பும். இரத்தத்தைப் பார்த்தால் அமினோ அமிலங்கள் வற்றிப்போயிருக்கும். இரண்டாவது நோய் இதற்கு நேர் எதிர். குளுக்ககான் ஏற்பியின் மரபணு இரண்டு பிரதியிலும் பழுதாகிப் பிறந்தவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கிறார்கள். அவர்கள் கல்லீரலுக்குக் குளுக்ககானின் குரலே கேட்காது. அவர்களின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆல்ஃபா செல்கள் பெருகிப் பெருகிக் கணையமே வீங்கிவிடுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குளுக்ககானின் அன்றாட வேலை என்ன என்று தெரிகிறது. புரதம் சாப்பிட்டால் வரும் அமினோ அமிலங்களைக் கல்லீரலுக்குள் இழுத்து, நைட்ரஜனை யூரியாவாக்கி வெளியே அனுப்புவது. மிச்சத்தைக் குளுக்கோஸாகவோ எரிபொருளாகவோ மாற்றுவது. அப்படியே கல்லீரலில் உள்ள கொழுப்பை எரிக்கவும் அது சொல்கிறது. அமினோ அமிலம் ஏறினால் ஆல்ஃபா செல் குளுக்ககானை விடும். குளுக்ககான் கல்லீரலை வேலை வாங்கி அமினோ அமிலத்தை இறக்கும். கல்லீரலுக்கும் ஆல்ஃபா செல்லுக்கும் நடுவே ஓடும் இந்தச் சுற்றைக் கோபன்ஹேகனில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்ட்டும் அவருடன் இருப்பவர்களும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஏற்பியை அடைக்கும் மாத்திரை ஏன் கல்லீரலைக் கெடுத்தது என்பதற்கு இப்போது பெரிய விளக்கம் தேவைப்படாது.

எனக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. உலகில் வளர்ந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மதுவோடு சம்பந்தமில்லாத கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. எனக்கும் ஸ்கேனில் "கிரேடு 1" என்று வந்தது. அதைப் பத்தோடு பதினொன்று என்று மடித்து வைத்துவிட்டேன். கொழுப்பேறிய கல்லீரலுக்கு, குளுக்ககான் அமினோ அமிலத்தைப் பற்றிச் சொல்வது சரியாகக் கேட்பதில்லை. அதனால் அமினோ அமிலங்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. அதைப் பார்த்து ஆல்ஃபா செல்கள் இன்னும் குளுக்ககானை விடுகின்றன. சர்க்கரையைப் பற்றிச் சொல்வது மட்டும் கல்லீரலுக்கு நன்றாகவே கேட்கிறது! விளைவு, தேவைக்கு மேல் குளுக்கோஸ். சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே, கொழுப்புக் கல்லீரல் மட்டும் உள்ளவர்களிடமே குளுக்ககான் உயர்ந்திருப்பதற்கு இந்த விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதைப் படித்த பிறகு காலை 148-ஐயும் அந்த கிரேடு 1-ஐயும் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. கல்லீரலில் கொழுப்பு குறைந்தால் வெறும்வயிற்றுச் சர்க்கரை முதலில் இறங்குவது எடை குறைத்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டதுதான்.

குளுக்ககானை வில்லனாகவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள், அது இல்லாமல் அவதிப்படுபவர்களையும் நினைக்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த சில ஆண்டுகளிலேயே, சர்க்கரை தாழும்போது குளுக்ககானைச் சுரக்கும் பழக்கத்தை ஆல்ஃபா செல்கள் இழந்துவிடுகின்றன. செல் இருக்கும், சரக்கும் இருக்கும். தேவைப்படும் நேரத்தில் வெளியே விடாது. இன்சுலின் கொஞ்சம் கூடிப்போனால் தாழ்சர்க்கரை அவர்களை அவ்வளவு வேகமாகச் சாய்ப்பது அதனால்தான். அவசரத்துக்கு 1 மில்லிகிராம் குளுக்ககான் ஊசி. 2019-இலிருந்து மூக்கில் அடிக்கும் 3 மில்லிகிராம் பொடியும் உண்டு. நினைவிழந்து கிடப்பவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுப்பிவிடும். ஆனால் கல்லீரலில் கிளைக்கோஜன் இருந்தால்தான் அது பலிக்கும். பட்டினி கிடந்தவருக்கோ நிறையக் குடித்தவருக்கோ எடுபடாமல் போகலாம்.

இப்போது கதை திரும்பும் இடம். குளுக்ககானுக்கென்று தனி மரபணு கிடையாது. ஒரே மரபணுவிலிருந்து ஒரு நீளமான புரதம் தயாராகிறது. கணைய ஆல்ஃபா செல் அதை ஓரிடத்தில் வெட்டிக் குளுக்ககானை எடுக்கிறது; குடலில் உள்ள எல் செல்கள் வேறோர் இடத்தில் வெட்டி ஜிஎல்பி-1-ஐ எடுக்கின்றன. ஆமாம், எடை குறைக்கும் ஊசி என்று இன்று எல்லோரும் பேசும் அதே ஜிஎல்பி-1. அது உடலில் செய்யும் வேலைகளில் ஒன்று குளுக்ககானை அடக்குவது. 1980-களின் தொடக்கத்தில் குளுக்ககான் மரபணுவைப் படித்துப் பார்த்தபோதுதான், அதே சரத்தில் குளுக்ககானைப் போன்ற இன்னும் இரண்டு பொருள்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது; அவற்றில் ஒன்றுதான் ஜிஎல்பி-1. குளுக்ககானைத் தேடாமல் இருந்திருந்தால் ஜிஎல்பி-1 இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது.

அடைத்துப் பார்த்துத் தோற்றவர்கள் இப்போது அதே ஏற்பியைத் தூண்டிப் பார்க்கிறார்கள். தனியாகத் தூண்டினால் சர்க்கரை ஏறும். கூடவே ஜிஎல்பி-1 ஏற்பியையும் தூண்டினால் இன்சுலின் வந்து அந்த ஏற்றத்தைச் சமாளித்துவிடும். கல்லீரல் கொழுப்பை எரிப்பது, உடலின் ஆற்றல் செலவைக் கூட்டுவது போன்ற குளுக்ககானின் நல்ல வேலைகள் மட்டும் மிஞ்சும். சர்வோடுடைட் என்ற இரட்டை மருந்தின் சோதனை 2024-இல் வெளியானது. கல்லீரல் கொழுப்பேறி வீங்கிய நோயாளிகளில், ஓர் அளவு மருந்தெடுத்த குழுவில் 62 சதவீதம் பேருக்குத் தழும்பு கூடாமல் வீக்கம் தணிந்தது. மருந்தில்லாத குழுவில் 14 சதவீதம். ரெட்டாட்ரூடைட் என்ற மருந்து இந்த இரண்டோடு இன்னொன்றையும் சேர்த்து மூன்று ஏற்பிகளைத் தூண்டுவது. 2023-இல் வந்த முடிவில், அதிக அளவு எடுத்தவர்கள் 48 வாரத்தில் சராசரியாக 24.2 சதவீத எடை இழந்தார்கள். கல்லீரல் கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம்பக் கஷ்டமான எண்தான். இதே வகையைச் சேர்ந்த மாஸ்டுடைட் 2025-இல் சீனாவில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்றுவிட்டது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கட்டி வந்தவர்களின் உடலில் குளுக்ககான் அமினோ அமிலங்களை எப்படி வற்றடித்தது என்று மேலே பார்த்தோம். அமினோ அமிலத்துக்குப் பெரிய கிடங்கு தசை. எடை வேகமாக இறங்கும்போது தசையும் சேர்ந்து கரைவது எந்த மருந்திலும் நடப்பதுதான். அந்த வேளையில் குளுக்ககான் ஏற்பியையும் நாள் முழுக்கத் தூண்டிக்கொண்டிருந்தால், ஐந்து பத்து ஆண்டில் வயதானவர்களின் தசை எப்படி இருக்கும்? இதயத்துடிப்பு ஏறுவதும் சோதனைகளில் பதிவாகியிருக்கிறது. இந்த மருந்துகள் பற்றி வரும் செய்திகளில் நான் எடைச் சதவீதத்தை விட்டுவிட்டு, குறைந்ததில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.